கோட்டின் முதுகில் தைத்த பெயர்

மொன்றியலுக்கு வந்த மூன்றாவது மாதம் லாசாலில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். குளிர்காலக் கோட்டுகள் தைக்கும் இடம். வெட்டுவது, பொருத்துவது, உள்ளே பஞ்சு வைப்பது எல்லாம் வேறு ஆட்கள். என் மேசைக்கு வரும்போது கோட்டு முழுதாக முடிந்திருக்கும். கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் கம்பனியின் பெயர் போட்ட சின்னத் துணியை நான்கு பக்கமும் தைத்து அனுப்பிவிட வேண்டும். ஊரில் நான் அரசாங்கக் கச்சேரியில் பதிவுப் பகுதியில் கிளாக்காக இருந்தவள். பிறப்பு, இறப்பு, விவாகம் என்று எத்தனையோ பேருடைய பெயர்களை என் கையால் எழுதியிருக்கிறேன். இங்கே வந்தும் பெயர்தானா என்று கணவர் பகிடி பண்ணுவார். பெயர் விஷயத்தில் நான் பிழை விடமாட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

கணவர் எண்பத்தொன்பதிலேயே அகதியாக வந்துவிட்டார். நகரத்துக்குள் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. தொண்ணூற்றுமூன்றில் எங்களைக் கூப்பிட்டார். நானும் மகளும் வந்தோம். மகனுக்கு அப்போது பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே போவதற்கு இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டிய காலம் அது. அந்த வயதுப் பொடியனுக்குப் பாஸ் இல்லை என்றார்கள். மூன்று தரம் போய்க் கேட்டேன். நாலாம் தரம் போகாமல் அவனை அவன் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். "ஆறு மாதத்திலை உன்னையும் எடுப்பம்" என்று சொன்னேன். "ஓம் அம்மா, நீங்கள் போங்கோ" என்றான். தங்கச்சியின் கையில் தன்னுடைய கொம்பாஸ் பெட்டியைக் கொடுத்தான். தனக்கு வேறு வாங்கலாமாம்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சனம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, நாவற்குழிப் பாலத்தடி நெரிசலில் பெரியப்பா குடும்பம் அவனைத் தவறவிட்டது. தன்னோடு படித்த ஒரு பொடியனின் குடும்பத்தோடு அவன் கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டான் என்று பிறகு எழுதியிருந்தார்கள். அடுத்த வருடக் கடிதத்தில் ஒரே ஒரு வரி: அவன் இயக்கத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு நான் பட்டியல் பார்க்கத் தொடங்கினேன்.

ஜோன் தலோன் தெருவில் நாங்கள் சாமான் வாங்கும் தமிழ்க் கடையின் கண்ணாடிக் கதவில், உட்புறமாக, சண்டையில் செத்தவர்களின் பட்டியலை ஒட்டுவார்கள். முதலில் இயக்கம் வைத்த பெயர். அது எனக்கு உதவாது, என் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்தது தகப்பன் பெயர், அதற்குப் பின்னால் பிள்ளையின் பெயர், கடைசியில் ஊரும் திகதியும். என் மகனுடைய பெயர் எங்கள் ஆட்களிடையே வீதிக்கு மூன்று பேருக்கு இருக்கும். ஆகவே நான் தகப்பன் பெயரைத்தான் பார்ப்பேன். விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுபோவேன். கணவரின் பெயர் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளை இல்லை. கச்சேரியில் பதிவுப் புத்தகம் தேடிப் பழகிய முறை அது.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அப்படிப் பார்த்துக்கொண்டு போனபோது விரல் ஓரிடத்தில் நின்றது. வலது பக்கத்தில் மகனின் பெயர். பிறகு விரல் நின்ற இடத்தைப் பார்த்தேன். தகப்பன் பெயர் வேறு. கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். ஊர் கிளிநொச்சி என்று இருந்தது. பெருமூச்சு விட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை, "உங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. என்ர மகன்ர பேர்தான். ஆனால் அது வேற ஆரோ பெத்த பிள்ளை."

"பயந்து போனியள் என்ன? முகமெல்லாம் வேர்த்துப்போச்சு."

"ஓம். இப்ப பரவாயில்லை."

அன்று நண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மகளுக்கும் மகனுக்கும் நண்டுக் கறி என்றால் உயிர். மகள் ஓட்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டு, "இண்டைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

அடுத்த ஜனவரியில் பனிமழை கொட்டி மின்சாரக் கம்பங்கள் சரிந்தன. பள்ளிக்கூடங்கள் நாட்கணக்கில் மூடிக் கிடந்தன. அதனால் மகளின் வகுப்பில் எல்லாம் பிந்திப்போய், மாசி கடைசியில்தான் அவளுக்கு எக்ஸ்போசே வந்தது. வகுப்புக்கு முன்னால் நின்று ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுக்கச் சொன்னார்களாம். அவளுக்கு வந்த சீட்டு அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு சண்டை. கோல்ட் ஹார்பர். பிரெஞ்சில் புத்தகம் கிடைக்காமல் நூலகத்திலிருந்து தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஆகவே நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அவள் பிரெஞ்சில் எழுதினாள். இப்படி ஒரு கிழமை சமையலறை மேசையில் நடந்தது.

கணவர் வேலையால் வந்து எட்டிப் பார்த்தார். "எங்கட சண்டை காணாதெண்டு அமெரிக்காக்காறன்ர சண்டையையும் வீட்டுக்குள்ளை கொண்டு வந்திட்டியளோ?"

"சும்மா இருங்கோ அப்பா. இதுக்கு மார்க்ஸ் இருக்கு."

"ஆர் வெண்டது?"

"தெற்கு. ஆனால் பேந்து தோத்துப் போச்சினம்."

"அப்ப வெண்டதாலை என்ன பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

மகளுக்கு முதலில் பெயரே விளங்கவில்லை. "ஹார்பர் எண்டால் கடல் எங்கை அம்மா? படத்திலை காடும் வயலும்தான் இருக்கு." கடல் இல்லை, அந்தச் சந்தியில் இருந்த சத்திரத்தின் பெயராம் என்றேன். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்துநாலு, ஆனி மாதம். வடக்குப் படைக்கு ரிச்மண்ட் நகரத்தைப் பிடிக்க வேண்டும். தெற்குப் படை இடையில் நிற்கிறது. இரண்டாம் திகதி அடிப்பதாக இருந்ததை, ஆட்கள் களைத்துப் போனார்கள் என்று ஒரு நாள் தள்ளிப்போட்டார்கள். அந்த ஒரு நாளில் தெற்குக்காரர் பதுங்குகுழி வெட்டி முடித்துவிட்டார்கள். நேர்க்கோட்டில் வெட்டவில்லை. எந்தப் பக்கத்தால் வந்தாலும் இரண்டு பக்கத்தாலும் சுடக்கூடிய மாதிரி வளைத்து வளைத்து வெட்டினார்கள். மகள் அண்ணன் தந்த கொம்பாஸ் பெட்டியைத் திறந்து அந்த வளைவுகளை மட்டையில் கீறினாள். மூன்றாம் திகதி விடியற்காலை வடக்குப் படை எழும்பி ஓடியது. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் விழுந்துவிட்டார்கள்.

என்னால் கடக்க முடியாமல் இருந்தது அதற்கு முன்னால் இருந்த ஒரு பந்தி. தாக்குதலுக்கு முதல் நாள் பின்னேரம், வடக்குச் சிப்பாய்கள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்களாம். பார்த்த அதிகாரி ஒருவர் கோட்டில் பிய்ந்த இடத்தைத் தைக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால், பெயரும் வீட்டு விலாசமும் எழுதிய கடதாசித் துண்டை ஒவ்வொருவரும் கோட்டின் முதுகில் பொருத்திக்கொண்டிருந்தார்களாம். நாளைக்கு என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செத்தால் யாரென்று தெரியவேண்டும், வீட்டுக்குச் சொல்லவேண்டும்.

"ஏன் முதுகிலை?" என்று மகள் கேட்டாள்.

முகம் குப்புறத்தான் விழுவார்கள் என்று நான் சொல்லவில்லை. "முன்னுக்குப் பொத்தான் இருக்கு" என்றேன்.

அடுத்த பந்தி இன்னும் மோசம். காயப்பட்டவர்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கிடந்தார்கள். அவர்களைத் தூக்குவதற்குச் சண்டையை நிறுத்த வேண்டும். யார் முதலில் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது என்று இரண்டு தளபதிகளும் ஆளுக்காள் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். எல்லாம் முடிந்து தூக்கப் போகும்போது நாலு நாள் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

"நாலு நாளோ? ஃபோன் இல்லையோ?"

"அப்ப ஏது ஃபோன்?"

"பக்கத்திலைதானே நிண்டவை அம்மா. சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தாலே கேட்டிருக்கும்." பேனையை வைத்துவிட்டு, "கிடந்தவை தண்ணி கேட்டிருப்பினம் என்ன?" என்றாள்.

"எழுது" என்றேன்.

காட்சிக்கு ஒரு கோட்டு வேண்டும் என்று மகளுக்கு ஆசை வந்தது. தொழிற்சாலையில் பழுதென்று ஒதுக்கிய கடும் நீலக் கோட்டு ஒன்று வீட்டில் இருந்தது. வடக்குப் படையின் நிறமும் அதுதான். எக்ஸ்போசேக்கு முதல் நாள் பின்னேரம் நான் வேலையால் வர, அதைக் கதிரையில் விரித்து வைத்திருந்தாள். முதுகில் ஒரு கடதாசித் துண்டு. ஆங்கில எழுத்தில் அவள் அண்ணனின் பெயர், எங்கள் வீட்டு விலாசம்.

"என்னடி இது?"

"அண்ணான்ர பேர். எங்கட வகுப்பு மதாம் சொன்னவ, உண்மையான பேர் எண்டால் நல்லாயிருக்கும் எண்டு."

"கழட்டு."

"ஏன்?"

"உயிரோடை இருக்கிறவன்ர பேரை இதிலை எழுதக்கூடாது."

"அந்தச் சிப்பாய்மாரும் எழுதேக்கை உயிரோடைதானே அம்மா இருந்தவை."

கடதாசியைப் பிடுங்கிக் கிழித்தேன். அவள் அழத் தொடங்கினாள். அண்ணாவைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் கதைக்க விடுவதில்லையாம். தான் ஏதோ தனிப் பிள்ளை மாதிரி இருக்க வேண்டுமாம். அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"சரி, எழுது. ஆனால் பக்கத்திலை அப்பான்ர பேர் போடாதை. வேற ஆற்றையும் பேரைப் போடு. விலாசமும் வேண்டாம். அப்ப அது அண்ணா இல்லை."

"ஆற்றை பேர்?"

"ஆற்றையும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரர் ஒரு கிரேக்கக் கிழவர். நாங்கள் கொஞ்சம் கூடத் தண்ணீர் திறந்தால் குழாயில் தட்டுவார். அவருடைய பெயரை எழுதினாள். நீளமான பெயர், கடதாசியில் அடங்கவில்லை. அண்ணாவின் பெயருக்குப் பக்கத்தில் அதைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஊசியை எடுத்து நான்தான் அதைத் தைத்தேன். வேலையில் தைப்பது போலவே நான்கு பக்கமும்.

எக்ஸ்போசே நன்றாகப் போனதாம். மதாம் கோட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, தையல் அழகு என்றாராம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. கோட்டு அப்போதும் சமையலறைக் கதிரையில் தொங்கிக்கொண்டிருந்தது. இலங்கைக்கு அது பின்னேரம்.

"தங்கச்சி, நான் வவுனியாவிலை இருந்து கதைக்கிறன். நீங்கள் என்னை அறியமாட்டியள்" என்றது ஒரு ஆணின் குரல். தான் ஒரு மேசன் என்றார். தன் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரை எனக்குத் தெரியும். ஐந்து மாதங்களுக்கு முன் கடைக் கதவில் என் விரல் அதில் நின்றிருக்கிறது.

அவர் தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தார். முதலில் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கல்லில் தோசை கருகியது. மகள் வந்து அடுப்பை நிற்பாட்டினாள்.

"... இடம்பெயரேக்கை எங்களோடைதான் வந்தவன். என்ர மகனோடை படிச்சவன். ஒரு வரியம் எங்கட கொட்டிலிலை இருந்தவன் தங்கச்சி. நல்ல பிள்ளை. உங்கட நம்பரும் அவன் எழுதித் தந்ததுதான். பின்னேரங்களிலை எனக்குக் கல்லு எடுத்துத் தருவான். ரெண்டு பேரும் ஒரே நாளிலைதான் இயக்கத்துக்குப் போனவங்கள். நான் தேடிப் போனன், விடேல்லை. பேப்பரிலை பேர் வந்தது. கனடாவிலையும் ஒட்டினவை எண்டு சொன்னவை. அப்ப நீங்கள் அறிஞ்சிருப்பியள் எண்டு இருந்திட்டன். உங்களிட்டை இருந்து ஒரு சத்தமும் இல்லை. அதுதான், என்ர பேரைப் போட்டதுக்கு உங்களுக்குக் கோவமோ எண்டு... சத்தியமா நான் குடுக்கச் சொல்லேல்லைத் தங்கச்சி."

"ஏன் குடுத்தவன்?"

"எனக்குத் தெரியாது. என்ர பொடியனோடை ஒண்டாப் பதிஞ்சதாலை, அவன் சொன்னதையே இவனும் சொல்லிப்போட்டானோ தெரியாது."

"உங்கட மகன்?"

"இருக்கிறான் எண்டுதான் நினைக்கிறன். ஒரு கதையும் இல்லை."

சவப்பெட்டி வந்ததா என்று கேட்டேன். வரவில்லையாம். அந்த இடத்துக்குக் கன நாளாக ஒருவரும் போக முடியாமல் இருந்ததாம்.

"எத்தினை நாள்?"

"ஆ?"

"எத்தினை நாள் போகேலாமல் இருந்தது?"

"அது எனக்குத் தெரியாது தங்கச்சி."

நேரம் முடிகிறது என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது. பிறகு எடுக்கிறேன் என்றார். எடுக்கவில்லை. வவுனியாவில் அவர் எங்கே இருந்து எடுத்தார் என்பதும் எனக்குத் தெரியாது.

கணவர் கட்டிலில் இருந்தார். நான் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஆர் சொன்னது?" என்று முதலில் கேட்டார். சொன்னேன். தகப்பன் என்று யாருடைய பெயர் இருந்தது என்பதையும் சொல்லவேண்டி வந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் எப்படித் தவறவிட்டேன் என்று கேட்டாரே. அவர் மகனைக் கடைசியாகக் கண்டபோது அவனுக்குப் பத்து வயது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மகள் கதவடியில் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நான் பேர் எழுதினதாலையோ?"

"இல்லையடி. அது ஐப்பசிக்கு முந்தி. நீ எழுதினது இப்ப."

அவளுக்குச் சொல்ல என்னிடம் இருந்த ஆறுதல் அவ்வளவுதான். அவள் அதை நம்பினாளா தெரியாது. எனக்கு அந்த ஆறுதலும் இல்லை. பிள்ளை செத்த வீட்டில் முப்பத்தொரு நாள் மீன், நண்டு என்று மச்சம் ஒன்றும் காய்ச்சக்கூடாது. நான் என் பிள்ளையின் பெயரை வாசித்துவிட்டு, வேறு யாரோ பெற்ற பிள்ளை என்று சொல்லிவிட்டு, நண்டு வாங்கி வந்து காய்ச்சினேன். மூன்று பேரும் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் கடைக்குப் போனேன். ஐப்பசியில் ஒட்டிய பட்டியல் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி கதவைக் காட்டினார். அதற்கு மேல் நாலைந்து பட்டியல் ஒட்டிக் கிழித்தாகிவிட்டது. "பழசுகளை எறிஞ்சுபோட்டம் அக்கா. ஏன், ஆரும் சொந்தக்காறரோ?" தலையாட்டினேன். அவர் என்னை ஸ்டூலில் இருத்தித் தண்ணீர் தந்தார். அந்தப் பட்டியலில் செத்த திகதி இருந்தது. அன்று அதை வாசித்திருக்கிறேன். யாரோ ஒருவரின் பிள்ளைக்குரிய திகதி என்றபடியால் மனதில் நிற்கவில்லை.

கோயில் ஐயர், கேள்விப்பட்ட நாளிலிருந்து சாவுத் துடக்குக் காக்கலாம், திகதி தெரியாவிட்டால் அமாவாசையில் கிரியை செய்யலாம் என்றார். அடுத்த அமாவாசை சித்திரைக்குக் கிட்ட வந்தது. கோயிலின் கீழ்த்தளத்தில், கோட்டும் சப்பாத்தும் கழற்றி வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தந்தார்கள். வெளியே பனி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. தகப்பன் பிள்ளைக்குச் செய்யும் கிரியை. கணவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு இருந்தார். நானும் மகளும் பின்னால் இருந்தோம்.

ஐயர் தர்ப்பையை அவர் விரலில் மாட்டினார். "பிள்ளையின்ர பேர்?"

சொன்னார்.

"நட்சத்திரம்?"

அவருக்கு மறந்துவிட்டது. நான் சொன்னேன்.

"தகப்பன் பேர்?"

கணவர் விரலில் இருந்த தர்ப்பையைத் திருகிக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கேட்பது, உடனே பதில் வருவது. ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கட பேரைத்தான் கேக்கிறன்" என்றார். கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

அவர், மகன் பதிந்த அந்த மேசனின் பெயரைச் சொன்னார்.

ஐயருக்கு எங்களைப் பழக்கமில்லை. அந்தப் பெயரை அப்படியே மந்திரத்தில் சேர்த்து மூன்று தரம் சொன்னார். மகள் என் கையைப் பிடித்தாள். கணவர் எள்ளையும் தண்ணீரையும் விட்டார்.